மறுதபாலில் ஒரு கையொப்பம்

விளையாட்டரங்கின் வாயிலிற் காத்துநின்று வீரரொருவரிடம் கையொப்பம் பெறுவது ஒருவகை. அவருக்குக் கடிதமெழுதித் தபால்மூலம் பெறுவது பிறிதொருவகை. இரண்டிலும் இறுதியிற் கிடைப்பது ஒரு துண்டுத் தாளில் மையால் எழுதப்பட்ட ஒரு பெயரே. ஆயினும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது. வாயிலில் நிற்பவனுக்குத் தோள்வலிமை வேண்டும். பிறரை இடித்துக்கொண்டு முன்செல்லும் துணிவு வேண்டும். வீரரோ பெரும்பாலும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. தன்முன் நீட்டப்பட்ட புத்தகத்தையும் பேனாவையும் மட்டுமே பார்க்கிறார். கடிதமெழுதுபவனுக்கு இவையொன்றும் வேண்டியதில்லை. அவன் தன் வீட்டு மேசையிலிருந்து, கோடில்லாத நல்ல தாளொன்றைத் தேடியெடுத்து, தான் ஒருநாளும் நேரிற் கண்டிராத ஒருவரை எவ்வாறு விளிப்பதென்ற முதற் கேள்வியிலேயே அரைமணி நேரத்தைக் கழிக்கிறான்.

இலங்கையிற் பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கும் மாணவர்கள் தத்தம் ஓட்டோகிராப் புத்தகங்களை ஒருவருக்கொருவர் நீட்டிய வழக்கத்தை அறிந்தோர்க்குக் கையொப்பம் என்பது பிரிவின் அடையாளம். இளஞ்சிவப்பு, இளநீலம், மஞ்சளென நிறந்நிறமான பக்கங்களில், பத்தாண்டு ஒன்றாயிருந்து படித்தவன் இனிக் காணமாட்டோமென்ற நினைவோடு நாலு வரி எழுதிப் பெயரிடுவான். விளையாட்டு வீரரிடம் கேட்கப்படும் கையொப்பம் இதற்கு நேர்மாறானது. பழகியவர் பிரியும்போது எழுதுவதன்று அது. ஒருநாளும் பழகாதவர், இனிப் பழகப்போவதுமில்லாதவர் எழுதுவது. அவ்வாறாயின் அதனை ஏன் ஒருவன் விரும்பவேண்டும்? இக்கேள்விக்கு எளிதான விடையில்லை. ஆனால் விடையின் ஒரு பகுதி அந்தக் கடிதத்திலும், அதனோடு மடித்து வைக்கப்படும் வெற்றுறையிலும் உண்டு.

இம்முயற்சிக்கென எழுதப்படாத விதிகள் சில வழங்கிவருகின்றன. கடிதம் கையால் எழுதப்படவேண்டும்; ஒரு பக்கத்தைத் தாண்டலாகாது. கேட்பது ஒரு கையொப்பமாயிருக்கவேண்டும், மிஞ்சினால் இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் முகவரியைத் தானே எழுதி முத்திரையும் ஒட்டிய உறையொன்றை உள்ளே வைத்தல் வேண்டும். வீரர் செய்யவேண்டியது பேனாவை எடுத்துப் பெயரை எழுதி, அந்த உறையில் இட்டு, ஒட்டித் தபாற்பெட்டியிற் போடுவது மட்டுமே. முத்திரை தேடும் சிரமமும் முகவரி எழுதும் சிரமமும் அவருக்கு இருத்தலாகாது. இதனால் நிகழும் ஒரு வேடிக்கையைக் கடிதமெழுதிய அனைவரும் அறிவர். பதில் வரும் நாளில், தபாற்காரர் கையிற் கொடுக்கும் உறையின்மேல் அவர்கள் முதலிற் காண்பது வீரரின் கையெழுத்தையன்று, தத்தம் கையெழுத்தையே. தன்னிடமிருந்து தனக்கே வந்த கடிதம்போல அது தோன்றும். உள்ளே ஏதோ இருக்கிறதா, அல்லது அனுப்பியது அனுப்பியபடியே திரும்பிவிட்டதா என்பது உறையைக் கிழிக்கும்வரை தெரியாது.

வெளிநாட்டு வீரருக்கு எழுதுவோனுக்கு இன்னொரு தடையும் உண்டு. தன் நாட்டு முத்திரையை ஒட்டி அனுப்பினால் அது அங்கே செல்லாது. அந்நாட்டு முத்திரையோ தன் ஊர்த் தபாற்கந்தோரிற் கிடைக்காது. இத்தடையை நீக்குவதற்காகவே 1906 ஆம் ஆண்டு உரோமாபுரியிற் கூடிய அனைத்துலகத் தபால் ஒன்றியத்தின் மாநாடு பன்னாட்டு மறுமொழிக் கூப்பன் என்பதனை வகுத்தது. அனுப்புபவன் தன் நாட்டில் அதனை வாங்கிக் கடிதத்தோடு வைப்பான்; பெறுபவர் தம் நாட்டுத் தபாற்கந்தோரிற் கொடுத்துப் பதிலனுப்பும் அளவுக்கு முத்திரை பெற்றுக்கொள்வார். எளிய ஏற்பாடு, நேர்மையான ஏற்பாடு. ஆயினும் மனிதர் கைபட்டால் எதுவும் எளிமையாக இருப்பதில்லை. முதல் உலகப்போருக்குப் பின் ஐரோப்பிய நாணயங்கள் மதிப்பிழந்து கிடந்தபோது, அங்கே மலிவாகக் கூப்பன் வாங்கி அமெரிக்காவில் முத்திரையாக்கினாற் பெரும் இலாபம் உண்டென்று சொல்லி, பொஸ்ரன் நகரிற் சார்ள்ஸ் பொன்சி என்பவர் 1920 இற் பல்லாயிரம் பேரிடம் பணந்திரட்டினார். நாற்பத்தைந்து நாளில் நூற்றுக்கு ஐம்பது வட்டி என்பது அவர் வாக்குறுதி. உலகத்திற் புழங்கிய கூப்பன்கள் அத்தனையையும் சேர்த்தாலும் அவ்விலாபத்துக்குப் போதா என்பது பின்னரே வெளிப்பட்டது. முன்னவர் பணத்தைப் பின்னவர் பணத்தாற் கொடுக்கும் மோசடிக்கு இன்றுவரை அவர் பெயரே வழங்குகிறது. ஒரு சிறுவன் தொலைநாட்டு வீரருக்குப் பதிற்செலவாக அனுப்பக்கூடிய அதே காகிதத் துண்டு இவ்வளவு பெரிய ஏமாற்றுக்கும் இடங்கொடுத்தது. 2013 இல் அமெரிக்கத் தபாற்சேவை அக்கூப்பன் விற்பனையையே நிறுத்திவிட்டது.

கடிதத்தில் என்ன எழுதுவது என்பதுதான் உண்மையான சிக்கல். வீரரின் சாதனைகளை அவருக்கே எடுத்துரைப்பதிற் பயனில்லை. அவற்றை அவர் நன்கறிவார். தன் ஊரையும் வயதையும் படிப்பையும் விரித்தால் மனுப்போலாகிவிடும். புகழ்ச்சி மிகுந்தால் அதன் பின்னால் வரும் வேண்டுகோள் கூலி கேட்பது போலத் தொனிக்கும். நன்றாக எழுதப்பட்ட கடிதங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு செய்தியைச் சொல்பவை: குறித்த ஒருநாளிற் குறித்த ஓர் ஆட்டத்தைக் கண்டது, அல்லது நள்ளிரவில் வானொலிப் பெட்டியருகே காதைவைத்துக் கேட்டது, அதில் மனத்தில் நின்ற ஒரு கணம். அந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் வேண்டுகோள் தானாகவே வந்து சேரும். சொல்வதற்கு அப்படியொன்றும் இல்லாதவன் உண்மையில் அந்த வீரருக்கு எழுதவில்லை. ஒரு பெயர்ப்பட்டியலுக்கு எழுதுகிறான். ஒரே வாசகத்தை ஐம்பது படி எடுத்து ஐம்பது பேருக்கு அனுப்புவோரும் உளர். அவர்களுக்கும் சிலவேளை பதில் வருகிறது. அது வீரர்களின் பெருந்தன்மையைக் காட்டுகிறதேயன்றி அவர்களுடைய எழுத்தின் சிறப்பையன்று.

இவ்வகைக் கடிதங்களுக்கு மறுமொழி எழுதுவதனை வாழ்நாட் கடமையாகவே கொண்டிருந்த ஒருவரைச் சொல்லவேண்டுமாயின் அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் டொனால்ட் பிராட்மனையே சொல்லவேண்டும். 1908 ஓகஸ்ட் 27 இற் பிறந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பௌரல் என்னும் சிற்றூரில் வளர்ந்து, 52 டெஸ்ட் போட்டிகளில் 6,996 ஓட்டங்களைக் குவித்த அவருடைய ஆட்டத்தை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1948 ஓகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில், சராசரி நூறாவதற்கு நான்கே ஓட்டங்கள் தேவைப்பட்ட கடைசி ஆட்டத்தில், ஹொலிஸ் வீசிய பந்தில் ஓட்டமெதுவும் பெறாது அவர் ஆட்டமிழந்ததும், சராசரி 99.94 இல் நின்றுவிட்டதும் துடுப்பாட்டம் அறியாதோரும் அறிந்த கதை. அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் மாநிலத் தலைநகர் அலுவலகங்களுக்குரிய தபாற்பெட்டி எண் 9994 ஆக அமைந்தது அச்சராசரியை நினைந்தே என்று அந்நாட்டிற் பரவலாகச் சொல்வர். ஒரு வீரரின் குறைபட்ட சராசரி ஒரு நாட்டின் தபால் முகவரியாக மாறியமை பொருத்தமானதே. ஏனெனில் ஆட்டத்தை விட்டு நீங்கிய பின்னரும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் உலகத்தோடு பேசியது பெரும்பாலும் தபால் வழியாகத்தான்.

1934 இல் அடிலெய்டு நகருக்குக் குடிபெயர்ந்த பிராட்மன், அடுத்த ஆண்டில் அந்நகரின் கென்சிங்டன் பார்க் பகுதியில் வீடு கட்டினார். 2001 பெப்ரவரி 25 இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்தது அவ்வீட்டிலேயே. அறுபத்தைந்து ஆண்டுகள் மாறாத முகவரி! வீரர்கள் கழகம் மாறுவதும் ஊர் மாறுவதுமாகக் கடிதங்கள் அலைந்து திரியும் இத்துறையில் இதுவே ஒரு பேறு. அங்கு வந்து குவிந்த கடிதங்களை அவர் ஒரு செயலாளரிடம் ஒப்படைத்துவிடவில்லை. தட்டச்சுப் பொறியின் முன் தாமே அமர்ந்து பதில்களைத் தட்டினார். படங்களிலும் அட்டைகளிலும் தம் கையாலேயே பெயரெழுதினார். முதுமை வந்த பின்னரும் நாளின் கணிசமான பகுதி இதற்கே சென்றது. அவருடைய கையொப்பம் எளிதில் வாசிக்கக்கூடியது. பெயரின் எழுத்துக்களைக் கோடாகச் சிதைத்துவிடும் அவசரம் அதில் இல்லை.

இதில் ஆராயத்தக்க முரண்பாடு ஒன்றுண்டு. பிராட்மன் கூட்டத்தை விரும்பியவரல்லர். 1930 இல் இங்கிலாந்தில், லீட்ஸ் மைதானத்தில் ஒரே நாளில் 309 ஓட்டங்களை எடுத்துவிட்டு, அன்றிரவு தோழர்களோடு கொண்டாடாமல் விடுதி அறையிற் தனியே இசை கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். கடிதங்களுக்குப் பதிலெழுதுவதற்காக அறையில் அடைந்துகிடக்கிறார் என்பது உடன் ஆடியோர் சிலரின் மனக்குறையாகவும் இருந்தது. 1998 இல் அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாளையொட்டி அடிலெய்டில் நடந்த பெருவிருந்துக்கும் அவர் செல்லவில்லை. அன்று அவரைக் காண விரும்பிய டெண்டுல்கரும் ஷேன் வோர்னும் அவர் வீட்டுக்கே செல்லவேண்டியிருந்தது. மனிதர் திரளைக் கண்டு ஒதுங்கிய ஒருவர், முகமறியாத பல்லாயிரம் பேருக்கு எவ்வாறு பொறுமையோடு எழுதினார்?

உண்மையில் இது முரண்பாடே அன்று எனலாம். கடிதம் கூச்சலிடுவதில்லை. சட்டையைப் பிடித்து இழுப்பதில்லை. மேசையின்மேற் காத்துக் கிடக்கும். அவர் விரும்பிய வேளையிற் திறக்கப்படும். கூட்டத்தில் ஆயிரம் பேர் ஒரே குரலாகிவிடுகின்றனர். தபாலிலோ ஒவ்வொருவரும் தத்தம் பெயரோடும் ஊரோடும் தனித்தனியே வருகின்றனர். கூட்டத்துக்கு அஞ்சும் மனிதருக்குத் தனிமனிதரிடம் அச்சம் இருக்கவேண்டுமென்பதில்லை. நாணமுடைய சிறுவனும் ஒதுங்கிவாழும் பெருவீரரும் சந்திப்பதற்கு ஏற்ற இடம் விளையாட்டரங்கின் வாயிலன்று, தபாற்பைதான். இருவருக்கும் இடையே இருந்த தூரத்தை அது குறைக்கவில்லை. தூரத்தைக் காத்துக்கொண்டே அதன் குறுக்கே ஏதோ ஒன்றை நீட்ட வழிசெய்தது.

ஆயினும் இதனை ஒரு பக்கமாக மட்டும் நோக்குவது நியாயமாகாது. பதில் எழுதியவருக்கு அது எவ்வளவு பாரமாயிருந்தது என்பதையும் எண்ணவேண்டும். ஒருவருக்குக் கையொப்பம் ஓராண்டில் ஒருமுறை கேட்கும் பொருள்; அவருக்கோ அது நாள்தோறும் காலையில் வாயிற்படியில் வந்து விழும் குவியல். கேட்பவன் ஒவ்வொருவனும் தான் கேட்பது சிறிய உதவி என்றே நினைக்கிறான். அவனளவில் அது உண்மையும்கூட. சிறியவை பல்லாயிரம் சேரும்போது ஒரு மனிதரின் பிற்பகல்கள் எல்லாம் போய்விடுகின்றன. புகழின் சுமை அந்த வீட்டிற் தபாற்பையோடு நின்றுவிடவுமில்லை. பிராட்மனின் மகன் அந்தப் பெயரின் கீழ் வாழ்வதிலிருந்து விடுபடவேண்டி 1972 இற் தம் குடும்பப் பெயரைப் பிராட்சென் என்று மாற்றிக்கொண்டார். பல ஆண்டுகளின் பின்னரே பழைய பெயருக்கு மீண்டார். தந்தை எந்தப் பெயரை அலுக்காமல் அட்டைகளில் எழுதி உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தாரோ, அந்தப் பெயரே மகனுக்குச் சுமக்க முடியாததாயிற்று. கையொப்பம் கேட்டு எழுதியவர் எவரும் இதற்குப் பொறுப்பாளியல்லர். ஆனாலும் இதனை அறிந்தபின், பதில் வராத கடிதத்துக்காக ஒரு வீரரைக் கடிந்துகொள்வது எளிதாயிருப்பதில்லை. அவர் எவருக்கும் கடன்பட்டவரல்லர். பதில் வந்தால் அது கொடை.

அந்தக் கொடைக்கு விலை வந்தபோதுதான் கடிதத்தின்மேல் ஐயம் வீழ்ந்தது. அமெரிக்காவில் பேஸ்போல் அட்டை சேர்ப்போரிடையே தபால்வழிக் கையொப்பம் நெடுங்காலமாகப் பெருவழக்காயிருந்து வந்துள்ளது. வீரரின் படம் அச்சிட்ட அட்டையைக் கடிதத்தோடு அனுப்பி, அதன்மேலேயே பெயரெழுதித் தரும்படி கேட்பர். வீரர்களின் முகவரிகளைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டனர். பருவம் தொடங்குமுன் கழகங்கள் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சிக்குக் கூடும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் எழுதினாற் பதில் வரும் வாய்ப்பு அதிகமென்பது அனுபவசாலிகள் கண்டது. அப்போது வீரர்களுக்கு ஓய்வு நேரம் மிகுதி. இவையெல்லாம் தீங்கற்ற பொழுதுபோக்காயிருந்த காலமும் உண்டு. 1980 களில் கையொப்பமிட்ட அட்டைகளும் பந்துகளும் சந்தைப் பொருளாக வளர்ந்தபின், சிறுவனின் கடிதமும் வியாபாரியின் கடிதமும் ஒரே பையில் வந்தன. வியாபாரியும் சிறுவனைப் போலவே எழுதக் கற்றுக்கொண்டான். கடிதத்தைப் பிரித்த வீரருக்கு எவன் எவனென்று காணும் வழியில்லை.

இதற்கு வீரர்கள் கண்ட மாற்று மிகவும் எளியது. கையொப்பத்துக்கு மேலே கேட்டவனின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவது. ‘இன்னாருக்கு, நல்வாழ்த்துக்களுடன்’ என்று பெயர் குறித்துவிட்டால் அந்த அட்டையை வாங்குவோர் குறைவு, விலையும் வீழும். இவ்விடத்தில் ஒரு கணம் நின்று சிந்திப்பது தகும். தன் பெயர் எழுதப்பட்ட அட்டை சிறுவனுக்கு இரட்டிப்பு மதிப்புடையது. தன் கடிதம் வாசிக்கப்பட்டது என்பதற்கு அதனிலும் சிறந்த சான்று வேறில்லை. சந்தைக்கோ அதுவே குறை. பதில் என்ற முறையில் அது எவ்வளவுக்கு முழுமையோ, பண்டம் என்ற முறையில் அவ்வளவுக்குப் பழுதுபட்டது. தபாலில் வந்த கையொப்பத்தை மதிப்பிடுவதற்கு இரு அளவுகோல்கள் உண்டென்பதும், அவை ஒன்றையொன்று மறுப்பன என்பதும் இந்த ஒரு வழக்கத்திலேயே தெளிவாகின்றன. வியாபாரியின் மறுமுறைக் கடிதங்களில் ‘பெயர் குறிக்கவேண்டாம், கையொப்பம் மட்டும் போதும்’ என்ற வேண்டுகோள் தோன்றியதும் இதனாற்றான்.

போலிகளும் பெருகின. மனிதர் கையின்றியே பேனாவை நகர்த்தி ஒருவரின் கையொப்பத்தை அப்படியே எழுதும் பொறியை அலுவலகங்கள் பயன்படுத்தின. கழகங்களின் உடைமாற்றறைப் பணியாளர் வீரர்களுக்குப் பதிலாகப் பெயரெழுதி அனுப்பியதும் உண்டு. இவை ஒரு வகையிற் சோம்பலின் விளைவு. இதனினும் கொடியது விற்பனைக்கென்றே செய்யப்பட்ட போலி. சன் டியாகோ அணியின் புகழ்பெற்ற வீரர் ரொனி குவின் தம் பெயரிட்டு விற்கப்பட்ட பொருள்கள் தம் கையாற் கையொப்பமிடப்பட்டவையல்ல என்பதைத் தாமே கண்டு எடுத்துச் சொன்னார். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பிரிவினர் பேஸ்போற் சொல்லொன்றைக் கொண்டே ‘புல்பென் நடவடிக்கை’ என்று பெயரிட்ட தேடுதலை மேற்கொண்டு 1999 இல் ஒரு பெருங்கும்பலைப் பிடித்தனர். கைப்பற்றப்பட்டவற்றுள் அன்னை தெரேசாவின் கையொப்பமிட்ட பேஸ்போற் பந்துகளும் இருந்தனவாம். வங்காளத்துச் சேரிகளில் நோயாளரைத் தேடித்திரிந்த அந்த மூதாட்டி எப்போது பேஸ்போற் பந்தைக் கையில் எடுத்தாரென்று வாங்க வந்தோர் எண்ணிப் பார்க்கவில்லைப் போலும்.

எனினும் பொய்க் கையொப்பம் பணத்தோடுதான் பிறந்ததென்று கருதுவது தவறு. களைப்பும் அதற்குத் தாயாகும். இதற்குச் சான்று தேடிப் பிராட்மனின் கப்பலுக்கே செல்லலாம். 1948 இல் இங்கிலாந்துக்குச் சென்ற அவரது அணி ‘ஸ்ட்ராத்தெயார்ட்’ என்ற கப்பலிற் பயணஞ் செய்தது. இரசிகர்களுக்கு வழங்குவதற்கென அணியினர் அனைவரும் கையொப்பமிடவேண்டிய தாள்கள் ஆயிரக்கணக்கில் உடன் ஏற்றப்பட்டிருந்தன. ஒவ்வொருவரும் அத்தனையிலும் பெயரெழுதவேண்டும். கடற்பயணத்தின் நெடும்பொழுது அதற்கே செலவாயிற்று. அந்த அணியின் தொடக்கத் துடுப்பாட்டக்காரர் சிட்னி பார்ன்ஸ் குறும்பிலும் காரியத்திலும் கெட்டிக்காரர். தம் கையொப்பத்தை இறப்பர் முத்திரையாகச் செய்வித்து, குத்தும் வேலையையும் பிறரிடம் கொடுத்துவிட்டார். தோழர்கள் விரல் நோவ எழுதிக்கொண்டிருக்க, அவர் பெயர் அவரின்றியே தாள்களில் ஏறிக்கொண்டிருந்தது.

அதே பயணத்திற்றான் அந்த அணி கொழும்பில் இறங்கியது. இலங்கை சுதந்திரம் பெற்று இரண்டு மாதமும் நிறையாத அந்த மார்ச் மாதத்தில், தமிழ் யூனியன் கழகத்தின் இடமான கொழும்பு ஓவல் மைதானத்தில் இலங்கை அணி பிராட்மனின் அணியை எதிர்த்தாடியது. இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். அதற்கு முந்திய ஆண்டிற் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்களை எடுத்து வியப்பூட்டியவர். ஆடுகளத்தின் நீளம் 22 யாருக்குப் பதிலாக 20 யாராக அளக்கப்பட்டிருந்தது என்ற வேடிக்கையும் அவ்வாட்டத்தில் வெளிப்பட்டது. பிராட்மன் எடுத்தது 20 ஓட்டங்கள். இலங்கை மண்ணில் அதுவே அவரது கடைசி ஆட்டம். அதன்பின் இத்தீவிலுள்ளோர் அவரை எட்டுவதற்கு எஞ்சியிருந்த வழி தபாலே.

பார்ன்ஸ் செய்தது குற்றமா? அந்தத் தாள்கள் எவருடைய கடிதத்துக்கும் பதிலல்ல. எவரும் பெயர்சொல்லிக் கேட்டவையுமல்ல. அணிக்கு அனுப்பப்பட்ட வேண்டுகோளுக்கு அணியின் பேரால் வழங்கப்பட்டவை. அவ்வளவில் அவரை மன்னிக்கலாம். ஆனால் அதே இறப்பர் முத்திரை, ஒரு சிறுவன் அவருக்கென்றே எழுதிய கடிதத்துக்குப் பதிலாகச் சென்றிருப்பின் தீர்ப்பு வேறு. அங்கே அவன் கேட்டது பெயரையன்று. பெயரைச் செய்தித்தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்த மனிதரின் கை ஒரு கணம் தன்பொருட்டு அசையவேண்டும் என்பதே அவன் கேட்டது. அதனைக் கொடுக்க இயலாதவர் ஒன்றும் கொடாதிருப்பதே மேல். இறப்பர் முத்திரையிலும் மௌனம் நேர்மையானது.

பெயரைத் தெளிவாக எழுதுவதும் இந்த நேர்மையின் ஒரு பகுதியென்று கருதியவர் ஹார்மன் கில்லபிரூ. மினசோட்டா அணியிற் புகழ்பெற்ற பேஸ்போல் வீரரான அவர், 573 முறை பந்தை எல்லைக்கப்பால் அடித்தவர். 2011 இற் காலமானார். தம் அணியின் இளைய வீரர்கள் பெயரைச் சுருட்டிக் கோடாக இழுப்பதைக் கண்டால் அவர் பொறுக்கமாட்டார். ரோரி ஹன்ரர், மைக்கல் கடையர் போன்றோர் தம் கையொப்பம் எழுத்தெழுத்தாக வாசிக்கும்படி அமைந்தமைக்கு அவருடைய கண்டிப்பே காரணமென்று நன்றியோடு கூறியுள்ளனர். கோல்ப் வீரர் ஆர்னல்ட் பாமரும் இதே கொள்கையினர். இது வெறும் எழுத்தழகு பற்றிய பிடிவாதமன்று. கோணற்கோடொன்று எவருடையதாகவும் இருக்கலாம். நாற்பதாண்டு கழித்து அதனைப் பெட்டியிலிருந்து எடுப்பவனுக்கு அது யாரென்றே தெரியாது. வாசிக்கக்கூடிய பெயரோ பெறுபவனை மதித்து எழுதப்பட்டது. கேட்பவன் தன் கடிதத்தைத் திருத்தித் திருத்தி நன்றாக எழுதியிருக்க, கொடுப்பவர் தம் பெயரையேனும் முழுமையாக எழுதுவது முறையல்லவா?

எல்லாக் கடிதத்துக்கும் பதில் வருவதில்லை. பெரும்பாலானவற்றுக்கு வருவதில்லையென்றே சொல்லலாம். முகவரி மாறியிருக்கும். கழகத்தின் தபாலறையிற் சாக்கோடு கிடக்கும். சில, பிரிக்கப்படாமலே ‘இம்முகவரியில் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பும். முதல் இரண்டு வாரம் தபாற்காரரின் மணியோசைக்குப் படலையடியில் நிற்பவன், இரண்டாம் மாதத்தில் ‘கடிதம் ஏதும் உண்டோ’ என்று கேட்பதையும் விட்டுவிடுகிறான். வீட்டார் அதனை மறந்துவிடுகின்றனர். அவனும் மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்கிறான்.

ஆனால் சில பதில்கள் ஆண்டுகள் கழித்து வருகின்றன. ஓய்வுபெற்ற வீரரொருவர் பழைய பெட்டிகளைக் கிளறும்போது கட்டுக்கட்டாய்க் கிடந்த கடிதங்களைக் கண்டு, ஒரு பருவம் முழுவதும் இருந்து கையொப்பமிட்டு அனுப்பிவிடுவார். எழுதியவன் அதற்குள் படிப்பை முடித்து வேற்றூருக்குத் தொழில்பார்க்கச் சென்றிருப்பான். உறையில் ஒட்டிய முத்திரையின் பெறுமதி அன்றைய கட்டணத்துக்குப் போதாமல், குறைக்கட்டணம் செலுத்தும்படி தபாற்கந்தோர் கேட்கும். தாயார் காசைக் கொடுத்து வாங்கி, யாரிடமிருந்து வந்ததென்று விளங்காமல், மேசையில் எடுத்து வைப்பார். விடுமுறைக்கு வீடு வருபவன் அதனைக் கையில் எடுத்துப் பார்ப்பான். முகவரியின் ஒவ்வோர் எழுத்தும் கோடு பிடித்து, அழுத்தி, உருட்டி எழுதப்பட்டிருக்கும். எங்கோ கண்ட கையெழுத்தாகத் தோன்றும். அது தன்னுடையதென்று அறிந்துகொள்ள அவனுக்குச் சற்று நேரம் பிடிக்கும்.